ஊரார் பிள்ளையின் ரத்தம்

வாட்ஸப்பில் சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி ஒன்று உண்டு. குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் நம் பாட்டிமார் அதைப் பத்திரப்படுத்தி, வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கோத்துக் கட்டினார்கள் அல்லவா, அது வெறும் சடங்கில்லையாம். பிற்காலத்தில் தீராத நோய் வந்தால் அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வைத்தியம் பார்ப்பதற்கான முன்னேற்பாடாம். கடைசி வரியில் தமிழன் பெருமை, அதற்கடுத்த வரியில் எல்லோருக்கும் பகிரச் சொல்லி வேண்டுகோள். மருத்துவம் படித்தவர்களே பகிர்ந்து பார்த்திருக்கிறேன்.

வழக்கம் உண்மைதான். விளக்கம் உண்மையில்லை. கொடி காய்ந்து விழுவதே அதிலுள்ள திசு செத்துப்போனதால்தான். அதில் வைத்தியத்துக்கு உதவும் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. மருத்துவத்தில் இதுவரை பயன் நிரூபணமான ஸ்டெம் செல்கள் கொடியின் சதையிலும் இல்லை. குழந்தை பிறந்து கொடியைக் கத்தரித்த பிறகு, அந்தக் கொடிக்குள்ளும் நஞ்சுக்கொடிக்குள்ளும் தங்கிவிடுகிற ரத்தத்தில் இருக்கின்றன. அந்த ரத்தத்தைச் சில நிமிடங்களுக்குள் ஊசி குத்தி ஒரு பையில் வடித்து, இரண்டு நாளுக்குள் ஆய்வகத்தில் பக்குவம் செய்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால்தான் பிழைக்கும். பாட்டிமார் கட்டியது பாசத்துக்கும் கண்ணேறுக்கும். அதற்கு ஆய்வகச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

அந்த வாட்ஸப் செய்தியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு குழந்தையின் கொடி அந்தக் குழந்தைக்கே பின்னாளில் உதவும் என்று அது எடுத்துக்கொள்கிறது. மகப்பேறு மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் பளபளப்பான தாளில் கிடைக்கும் விளம்பரங்களும் அதையேதான் எடுத்துக்கொள்கின்றன. தொப்புள்கொடி ரத்தத்தின் உண்மையான வரலாறோ நேர்எதிர்த் திசையில் போகிறது. அது உயிர் காத்த இடங்களில் எல்லாம், ஏறக்குறைய ஒன்றுவிடாமல், ஒருவரின் கொடி ரத்தம் இன்னொருவரைக் காத்திருக்கிறது.

அந்த வரலாறு 1988 அக்டோபரில் பாரிஸ் நகரின் சான் லூயி மருத்துவமனையில் தொடங்குகிறது. நோயாளி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பையன், வயது ஐந்து. அவனுக்கு ஃபான்கோனி ரத்தசோகை. சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி 1927இல் விவரித்த பரம்பரை நோய் இது. டி.என்.ஏ.வில் விழும் ஒருவகைச் சேதத்தைச் சரிசெய்யும் திறன் இந்தக் குழந்தைகளின் செல்களுக்கு இல்லை. எலும்பு மஜ்ஜை சிறுகச் சிறுக வற்றிக்கொண்டே போகும். சிவப்பணு குறையும், தட்டணு குறையும், வெள்ளையணு குறையும். புற்றுநோய் அபாயம் ஏறும். வற்றிய மஜ்ஜைக்குப் பதிலாக வேறொருவரின் ஆரோக்கியமான மஜ்ஜையைச் செலுத்துவதுதான் அன்றைக்கு இருந்த ஒரே தீர்வு.

பையனின் தாய் அப்போது மறுபடி கருவுற்றிருந்தார். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபான்கோனி நோயை ஆராய்ந்துவந்த ஆர்லீன் அவர்பாக், கருவிலிருந்த குழந்தையைப் பரிசோதித்தார். பெண் குழந்தை; நோய் இல்லை; அண்ணனின் திசு வகையோடு முழுப் பொருத்தம். வழக்கப்படி என்றால் குழந்தை பிறந்து சற்று வளரும்வரை காத்திருந்து, அதன் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுத்திருப்பார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஹால் ப்ராக்ஸ்மையருக்கு வேறொரு யோசனை இருந்தது. நோயெதிர்ப்பியல் அறிஞர் எட்வர்ட் பாய்ஸ் போன்றவர்களோடு சேர்ந்து, தூக்கி எறியப்படும் கொடி ரத்தத்தில் எத்தனை ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று அவர் சோதித்துக்கொண்டிருந்தார். பிரசவ அறைகளிலிருந்து ரத்த மாதிரிகள் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தபடி இருந்தன. வழியில் ஒன்றிரண்டு நாள் ஆனாலும் செல்கள் பிழைத்திருந்தன. இன்னொன்றும் தெரியவந்தது: சிவப்பணுக்களைப் பிரித்தெடுக்க முயன்றாலோ, உறையவைத்து உருக்கிய பின் கழுவினாலோ, தேவையான செல்களும் கூடவே பெருமளவு போய்விடுகின்றன. ஆகவே எதையும் பிரிக்காமல் முழு ரத்தத்தையும் அப்படியே உறையவைப்பது என்று முடிவாயிற்று. ஆய்வில் மெனக்கெட்டுச் செய்யாமல் விடுவதும் ஒரு கண்டுபிடிப்புதான் போலும்.

தங்கை பிறந்தாள். கொடி ரத்தம் இண்டியானாவுக்குப் போய் உறைந்தது. பிறகு ப்ராக்ஸ்மையரே அதை நைட்ரஜன் குளிர்கலத்தில் வைத்து விமானத்தில் பாரிஸுக்கு எடுத்துப்போனார். பாரிஸ் ஏன்? மாற்று மஜ்ஜை செலுத்துவதற்கு முன்பு, நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழிக்க வேண்டும். சேதத்தைச் சரிசெய்யத் தெரியாத ஃபான்கோனி செல்கள் அந்த வழக்கமான அளவைத் தாங்காது, நோயாளியே இறந்துபோவார். அளவைக் குறைத்து அந்தக் குழந்தைகளைக் கரைசேர்க்கும் முறையை உருவாக்கி வைத்திருந்தவர் சான் லூயி மருத்துவமனையின் எலியான் க்ளக்மன். ஒட்டாமல் போனால் தங்கையின் மஜ்ஜையையே எடுக்கலாம் என்ற மாற்றுவழியும் கையில் இருந்தது. அது தேவைப்படவில்லை. கை நரம்பில் ஏற்றும் சாதாரண ரத்தத்தைப் போலத்தான் இதையும் ஏற்றினார்கள்; செல்கள் ரத்தத்தோடு ஓடி, எலும்புக்குள் தங்களுக்குரிய இடத்தைத் தாங்களே தேடி அமர்ந்துகொண்டன. 1989இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியாயிற்று. பையன் வளர்ந்து பெரியவனானான். அவன் ரத்தத்தில் ஓடும் அணுக்களைச் சோதித்தால் பெண்ணுக்குரிய இரட்டை எக்ஸ் குரோமோசோம் தெரியும். அவை தங்கையுடையவை.

பிறக்கும் நேரத்துக் கொடி ரத்தத்தில் மட்டும் ஏன் இத்தனை ஸ்டெம் செல்கள்? ரத்தம் உண்டாக்கும் வேலை கருவில் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. முதலில் கருவுணவுப் பையில், பிறகு பெருந்தமனிக்கு அருகே, அங்கிருந்து கல்லீரலுக்கு, கடைசியாக எலும்பு மஜ்ஜைக்கு என்று இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய காலம் கல்லீரலிலிருந்து மஜ்ஜைக்குக் குடிபெயரும் காலம். பயணிகள் வழியில் இருக்கும்போது நாம் மறித்துப் பிடிக்கிறோம். சில நாள் கழித்துப் பார்த்தால் அவை எலும்புக்குள் போய் அடைந்திருக்கும். வெளி ரத்தத்தில் மிக அரிதாகவே தட்டுப்படும்.

அண்ணன் தங்கைக்குள் நடந்தது முன்பின் தெரியாதவர்களுக்கு இடையிலும் நடக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குள் போவதற்கு முன் திசுப் பொருத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. 'இது நான், இது அந்நியம்' என்று நோயெதிர்ப்பு மண்டலம் தீர்மானிப்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. ஆகவே உடன்பிறந்த ஒருவரோடு முழுதும் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. வெளியாரிடம் தேடினால் லட்சக்கணக்கானவர்களில் ஒருவர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மஜ்ஜை மாற்றில் உள்ள தனி ஆபத்து என்னவென்றால், வந்த செல்களே நோயெதிர்ப்புச் செல்கள் என்பதால், அவை புது உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கும். தோல், குடல், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்படும். பெரியவர்களிடமிருந்து எடுக்கும் மஜ்ஜைக்கு எட்டு எச்.எல்.ஏ. குறிகளில் எட்டும் பொருந்த வேண்டும் என்று மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கொடி ரத்தத்தின் பெருமை இங்கேதான் வெளிப்பட்டது. பிறந்த குழந்தையின் டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்னும் எந்தக் கிருமியையும் கண்டதில்லை, எவரோடும் சண்டையிட்டதில்லை. ஆறு குறிகளில் நான்கு பொருந்தினாலே போதும், தாக்குதல் அவ்வளவு மூர்க்கமாக இருக்காது. நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் 1992இல் உலகின் முதல் பொதுக் கொடி ரத்த வங்கியைத் தொடங்கினார். தாய்மார் கொடையாகக் கொடுத்தார்கள். பணம் வாங்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. எவர் பெயரிலும் கணக்கு இல்லை. பொருந்துகிற நோயாளி எவரோ அவருக்கு. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கர்ட்ஸ்பர்க் 1993இல் உறவல்லாத ஒரு குழந்தையின் கொடி ரத்தத்தைச் செலுத்தி மாற்றுச் சிகிச்சை செய்தார். 1998இல் ரூபின்ஸ்டைன் குழுவினர் தங்கள் வங்கியிலிருந்து போன 562 மாற்றுகளின் விளைவை வெளியிட்டபோது, இது ஏதோ ஒருமுறை நடந்த அதிசயம் என்ற பேச்சு அடங்கிவிட்டது. இன்றுவரை உலகெங்கும் 40,000க்கு மேற்பட்ட கொடி ரத்த மாற்றுகள் நடந்திருக்கின்றன.

மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே நிறைந்திருந்ததால், கறுப்பினத்தவருக்கும் கலப்பு வம்சத்தவருக்கும் ஆசியருக்கும் பொருத்தம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறில் நான்கு போதும் என்ற சலுகை அவர்களுக்குத்தான் பெரிய வாசலைத் திறந்தது. நல்ல சான்று ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கில் கலப்பு வம்சத்தைச் சேர்ந்த நடுவயதுப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, பிறகு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2017இல் அவருக்குக் கொடி ரத்த மாற்று நடந்தது. எச்.ஐ.வி. உள்ளே நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசலே இல்லாத, அபூர்வமான மரபணு மாற்றம் கொண்ட குழந்தையின் ரத்தமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாற்றம் வடஐரோப்பியரிடம்தான் அதிகம். கலப்பு வம்சத்துப் பெண்ணுக்கு முழுப் பொருத்தமான பெரியவர் ஒருவரை அந்த மாற்றத்தோடு கண்டுபிடிப்பது நடவாத காரியம். அவர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினார், வைரஸ் திரும்பவில்லை. 2022இல் ஒரு மாநாட்டில் இதை அறிவித்தார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோருக்கும் இதையே செய்வதில்லை என்று கேட்கத் தோன்றும். அளவு போதாது என்பதுதான் பதில். கணக்கு எளிது. நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது இரண்டரைக் கோடி உட்கரு உள்ள செல்கள் தேவை. நன்றாக வடித்த ஒரு பையில் 100 கோடி அளவில் இருக்கும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 50 கோடி போதும், மிச்சமே இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 150 கோடி வேண்டும். ஒரு பை பற்றாது. இருக்கும் கொஞ்சம் செல்களும் பெருகி வேலையை ஏற்பதற்கு மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அத்தனை நாளும் நோயாளிக்கு வெள்ளையணுவே கிடையாது. சாதாரணப் பூஞ்சை கூட ஆளைக் கொன்றுவிடும். கொடி ரத்த மாற்றில் இறந்தவர்களில் கணிசமானோர் நோயால் இறக்கவில்லை, இந்த இடைவெளியில் வந்த தொற்றால் இறந்தார்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் வாக்னரும் ஜூலியட் பார்க்கரும் இரண்டு வெவ்வேறு குழந்தைகளின் பைகளைச் சேர்த்துச் செலுத்திப் பார்த்தார்கள். விந்தை என்னவென்றால், சில வாரத்தில் இரண்டில் ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிட்டுத் தான் மட்டும் நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு வழி பிறந்தது. ஆனால் ஒரு பையே போதுமான குழந்தைகளுக்கு இரண்டாவது பையால் கூடுதல் பலன் இல்லை என்று 2014இல் வாக்னர் குழுவே சோதித்து அறிவித்தது. மற்றொரு வழி, செலுத்துவதற்கு முன்பே செல்களை ஆய்வகத்தில் பெருக்குவது. நிக்கோட்டினமைடு என்ற பி வைட்டமின் வகையின் துணையோடு பெருக்கிய கொடி ரத்தத்தை, 125 பேர் பங்கேற்ற சோதனையில் சாதாரணக் கொடி ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். வெள்ளையணு திரும்ப 22 நாள் ஆன இடத்தில் 12 நாள் ஆயிற்று. 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை அனுமதித்தது. விலை நம்மூரில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதில்லை.

இனி விளம்பரத் தாளுக்கு வருவோம். 'உங்கள் குழந்தைக்கு வாழ்நாள் காப்பீடு', '80க்கும் மேற்பட்ட நோய்களுக்குத் தீர்வு', மாதத் தவணை வசதி. வளைகாப்பு முடிந்த கையோடு வீட்டுக்கே ஆள் வருகிறார். சென்னை இந்தத் தொழிலின் முக்கியமான ஊர்களில் ஒன்று என்பதால் நமக்கு இது நன்றாகவே பழக்கம்.

எண்பது நோய் என்பது பொய்யில்லை. கொடி ரத்தத்தாலோ மஜ்ஜையாலோ சிகிச்சை உள்ள நோய்களின் பட்டியல் அவ்வளவு நீளம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி பிறரின் செல்லால் தீர்வது. தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் செய்யும் மரபணுவிலேயே பிழை. பிறவியிலேயே உள்ள அந்தப் பிழை, பிறக்கும்போது எடுத்து உறையவைத்த ரத்தத்திலும் அச்சுப் பிசகாமல் இருக்கும். நோய் விழுந்த வயலில் எடுத்த விதைநெல்லையே குதிரில் காத்துவைத்து, அடுத்த பட்டத்துக்கு அதையே விதைத்தால் என்ன விளையுமோ அதுதான் விளையும். ஃபான்கோனிக்கும் இதே கதை. பாரிஸுக்குப் போன பையனின் கொடி ரத்தத்தை அவன் பிறந்தபோதே யாராவது சேமித்து வைத்திருந்தால்கூட அது அவனுக்கு எந்த உதவியும் செய்திருக்காது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பிறவி நோயில்லையே, அதற்காவது உதவுமே என்று கேட்கலாம். லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மெல் க்ரீவ்ஸ் குழுவினர் இதற்கு விடை தந்த விதம் ஒரு துப்பறியும் கதைக்குச் சமம். பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகித அட்டையில் ஒற்றி, பிறவி நோய்ச் சோதனைக்கு அனுப்புவார்கள். அட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பழைய அட்டைகளைத் தேடி எடுத்து, காய்ந்த அந்தச் சொட்டில் டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள். புற்றுநோய் செல்லில் இருந்த அதே மரபணுப் பிணைப்பு, பிறந்த சில நாளில் எடுத்த சொட்டிலும் பல குழந்தைகளுக்கு இருந்தது. 1997 முதல் வெளியான இந்த ஆய்வுகளின் பொருள்: பல குழந்தைகளுக்கு நோயின் முதல் அடி கருவிலேயே விழுந்துவிடுகிறது. கொடி ரத்தத்திலும் அது இருக்கும். கூடவே இன்னொரு சிக்கல். ரத்தப் புற்றுநோயில் மாற்று மஜ்ஜை வேலை செய்வது பாதி மருந்தால்தான். மீதி, வந்த அந்நியச் செல்கள் ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்களை அந்நியமாகக் கண்டு கொல்வதால். சொந்த ரத்தத்துக்கு அந்தக் கண் கிடையாது. அது புற்றுநோயைத் தன்னுடையதாகவே பார்க்கும்.

இதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு குழந்தை தன் கொடி ரத்தத்தைத் தானே பயன்படுத்தும் வாய்ப்பை 20 வயதுக்குள் 2,500இல் ஒன்றிலிருந்து 2,00,000இல் ஒன்று வரை என மதிப்பிட்டது. தனக்கே பயன்படுத்தச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வழிகாட்டு நெறிகளில் சொல்லிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடும் இதுதான். பெருமூளை வாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் சொந்தக் கொடி ரத்தம் உதவும் என்று ஒரு நம்பிக்கை பரப்பப்படுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் கர்ட்ஸ்பர்க் உள்ளிட்டோர் இதை ஒதுக்கித் தள்ளாமல் முறையாகவே சோதித்தார்கள். ஆட்டிசம் கொண்ட 180 குழந்தைகளை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட சோதனையில், முதன்மையாக அளந்த விஷயத்தில் பலன் தென்படவில்லை. இந்த முடிவை விளம்பரத் தாளில் நான் பார்த்ததில்லை.

2017 வாக்கில் தனியார் துறையில் ஒரு மாறுதல் வந்தது. உறுப்பினர்கள் சேமித்ததை எல்லாம் ஒரே பொதுக் குவியலாக்கி, யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுக்கும் 'சமூக வங்கி' முறை. உறுப்பினராகக் கட்டணம் கட்ட வேண்டும். சொந்தக் குழந்தைக்கு என்று பல ஆண்டு விற்ற பிறகு, ஊரார் பிள்ளையின் ரத்தம்தான் உதவும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது. ரூபின்ஸ்டைன் கட்டணமில்லாமல் தொடங்கிய அதே யோசனை, சந்தாவோடு.

பொது வங்கிகளின் பாடும் நன்றாக இல்லை. கொடையாக வரும் பைகளில் பெரும்பாலானவற்றில் செல்கள் போதாமல் கழிக்க வேண்டியிருக்கும். மீந்ததைப் பரிசோதித்து, உறையவைத்து, யாருக்காவது பொருந்தும் நாள்வரை மின்சாரமும் நைட்ரஜனும் செலவழித்துக் காக்க வேண்டும். ஒரு பையின் விலை அமெரிக்காவில் பல பத்தாயிரம் டாலர். சென்னையில் ஜீவன் அறக்கட்டளை பொதுக் கொடி ரத்த வங்கி ஒன்றை நடத்தத் துணிந்தது. இந்திய வம்சத்தவருக்குப் பொருத்தமான பைகள் உலகில் மிகக் குறைவு என்ற நியாயமான காரணம் அதற்கு இருந்தது. பின்னர் அதன் கவனம், உயிரோடு நடமாடும் கொடையாளர்களின் பதிவேட்டை நோக்கித் திரும்பியது. சென்னையிலிருந்தே இயங்கும் தாத்ரி போன்ற பதிவேடுகளும் அந்த வழியில்தான் வளர்ந்தன. எச்சிலைப் பஞ்சில் ஒற்றிக் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டால், பொருத்தம் வரும் அன்றைக்குக் கூப்பிடுவார்கள்.

மருத்துவமும் வேறு பாதை கண்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவான முறை ஒன்றில், பாதி மட்டுமே பொருந்தும் அப்பா, அம்மா, பிள்ளை ஆகியோரின் மஜ்ஜையைச் செலுத்தி, சில நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுப்பார்கள். தாக்கத் துடிக்கும் டி செல்கள் அழியும், ஸ்டெம் செல்கள் தப்பிக்கும். பாதிப் பொருத்தம் என்றால் ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். 2021இல் வெளியான, 368 பேர் பங்கேற்ற அமெரிக்கச் சோதனை இரட்டைக் கொடி ரத்தத்தையும் பாதிப் பொருத்த மஜ்ஜையையும் நேருக்கு நேர் வைத்தது. நோயின்றி வாழ்ந்தோர் விகிதத்தில் நிச்சயமான வித்தியாசம் இல்லை. மொத்தமாக உயிரோடிருந்தவர்கள் பாதிப் பொருத்தப் பிரிவில் அதிகம். பல நாடுகளில் கொடி ரத்த மாற்றுகள் குறைந்துபோயின. ஜப்பான் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் நடக்கின்றன. கொஞ்சம் புற்றுநோய் மிச்சமிருக்கும் நிலையில் மாற்றுக்குப் போகும் நோயாளிகளுக்குக் கொடி ரத்தமே மேல் என்று சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையம் 2016இல் சொன்னதையும் மறந்துவிட முடியாது. பந்தயம் இன்னும் முடியவில்லை.

பிரசவ அறையில் கொடி ரத்தச் சேகரிப்புக்கு ஒரு போட்டியாளரும் உண்டு: அந்தக் குழந்தையே. பிறந்ததும் கொடியைக் கவ்வியால் இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியில் உள்ள ரத்தத்தில் கணிசமான பங்கு குழந்தைக்குள் இறங்கிவிடும். அதோடு பல மாதத்துக்கான இரும்புச் சத்தும். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21இல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டது. அப்படிப்பட்ட நாட்டில் சேகரிப்புப் பை நிறைய வேண்டும் என்று கொடியைச் சீக்கிரம் கவ்வுவது எனக்குச் சம்மதமில்லை. கொடி ரத்தம் 'வீணாகப் போகிறது' என்று விற்பனையாளர் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் சேமிக்கச் சொல்லி வற்புறுத்துவேன். மூத்த குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, தாய் மறுபடி கருவுற்றிருக்கும் வீடு அது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று நடக்கிறது. நம் மருத்துவர்களுக்கு இது கைவந்த வேலை. உடன்பிறந்தோரின் கொடி ரத்தத்தை வைத்து இத்தாலியின் ஃப்ராங்கோ லொக்காத்தெல்லி குழுவினர் 2003இல் வெளியிட்ட தொகுப்பில் தலசீமியா, அரிவாள் அணு நோய் கொண்ட 44 குழந்தைகள் இருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. தலசீமியாக் குழந்தைகள் சிலருக்கு மாற்று ஒட்டாமல் போனது. அவர்கள் பழையபடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குத் திரும்பினார்கள்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், அடுத்த குழந்தைக்கு நோய் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. மூத்ததோடு திசு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒன்று 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது, மற்றது 6ஆம் குரோமோசோமில், ஒன்றையொன்று பாதிப்பதில்லை. பெருக்கினால் பதினாறில் மூன்று, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கருவிலேயே சோதித்து இதைத் தெரிந்துகொள்ளலாம். பொருந்தினால் பேறுகாலத்துக்குப் பல வாரம் முன்பே மகப்பேறு மருத்துவரையும் ரத்தநோய் மருத்துவரையும் ஒருவரோடொருவர் பேச வைத்துவிட வேண்டும். வலி எடுத்த பிறகு சேகரிப்புப் பையைத் தேட முடியாது. பையில் செல்கள் குறைந்து போனால், அதே குழந்தை ஓரளவு வளர்ந்ததும் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துக் கொடி ரத்தத்தோடு சேர்த்துச் செலுத்துவார்கள்.